ஏறுவோர் எடையும் வண்டியின் வில்லும்

வில்வண்டி என்ற சொல்லை இன்றைய மாணவர்களுள் எத்தனை பேர் கேட்டிருப்பீர்கள் என்று அறியேன். பாரவண்டி வேறு, வில்வண்டி வேறு. பாரவண்டியில் அச்சின்மேல் நேராகவே வண்டியின் சட்டம் அமர்ந்திருக்கும். பாதையில் கிடக்கும் ஒவ்வொரு கல்லும் உட்கார்ந்திருப்பவரின் முதுகெலும்போடு உறவாடும். வில்வண்டியிலோ அச்சுக்கும் கூண்டுக்கும் நடுவே வளைந்த எஃகுப் பட்டைகளை அடுக்கிப் பொருத்தியிருப்பார்கள். பார்வைக்கு வில்லைப் போல இருப்பதனால் அப்பெயர் வந்தது. அவ்வண்டியில் பருத்த உடலினர் ஒருவர் ஏறினால் கூண்டு கண்ணுக்குத் தெரியும்படி தாழும். சிறுவன் ஏறினால் அசைவே இராது. வண்டிக்காரர் மாடுகளை ஓட்டுமுன் திரும்பிப் பார்த்து, "பெரியவரே, கொஞ்சம் முன்னே தள்ளி உட்காருங்கள்" என்பார். ஏறியிருப்பவரின் எடையறிந்து வண்டியைச் சீர்செய்யவேண்டும் என்பதை அவர் எந்தப் பள்ளியிலும் படித்தவரல்லர்.

அந்த வண்டிக்காரர் அறிந்திருந்த செய்தியை, மோட்டார் சைக்கிளை நாள்தோறும் ஓட்டும் நம்மில் பலர் அறிந்திருக்கவில்லை. அதனையே இன்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் வாழும் சின்னசேலத்தைச் சுற்றியுள்ள பாதைகளைச் சிறிது நினைத்துப் பாருங்கள். சேலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டைக்குச் செல்லும் நெடுஞ்சாலை ஊரையொட்டி ஓடுகின்றது. அதில் வண்டிகள் வழுக்கிக்கொண்டு போகும். அதைவிட்டு இறங்கினால் கரும்புத் தோட்டங்களுக்கும் மக்காச்சோளக் கொல்லைகளுக்கும் செல்லும் மண் பாதைகள். வடமேற்கே நிமிர்ந்து பார்த்தால் கல்வராயன் மலை. கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கோமுகி அணையின் பக்கமாக ஏறும் மலைச்சாலை வளைந்து வளைந்து வெள்ளிமலைக்குப் போய்ச் சேருகின்றது. மழைக்காலம் முடிந்ததும் அச்சாலையின் வளைவுகளில் தார் பெயர்ந்து சரளை கிளம்பியிருக்கும். நெடுஞ்சாலை, மண் பாதை, மலை வளைவு ஆகிய மூன்றிலும் காலை முதல் மாலை வரை ஒரே மோட்டார் சைக்கிளை ஓட்டுகிறவர்கள் எங்கள் பக்கத்தில் மிகுதி. ஒருநாள் தனியாக, மறுநாள் மனைவியோடு, அதற்கடுத்த நாள் இருபுறமும் பால் கேன்களோடு.

சில ஆண்டுகளுக்குமுன் என்னுடைய பழைய மாணவர் ஒருவர் மணிக்கட்டில் கட்டுடன் என் வீட்டுக்கு வந்தார். மெலிந்த உடலினர், எடை ஐம்பத்தைந்து கிலோவுக்கு மேல் இராது. மலைமேல் உள்ள ஒரு பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்து, நாள்தோறும் ஏறி இறங்குவதற்காகப் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கியிருந்தார். முன்பு அதை வைத்திருந்தவர் கனத்த உடலினரான ஒரு வியாபாரி. பின்னால் எப்போதும் ஓர் ஆளோ மூட்டையோ இருக்கும்.

"ஐயா, இறக்கத்தில் வளைவுக்கு முன் பிரேக் பிடித்தால் பின்சக்கரம் தவளை போலத் தத்துகிறது. மூன்று நாளைக்கு முன் அப்படித் தத்தித்தான் விழுந்தேன்" என்றார்.

பட்டறை ஒன்றில் காட்டியிருக்கிறார். வில் தளர்ந்துபோயிற்று என்றும், இதைவிடக் கெட்டியான வில்லை வாங்கிப் போடவேண்டும் என்றும் அங்கே சொல்லிவிட்டார்களாம். அதற்கான பணத்தை எப்படிப் புரட்டுவது என்பதே அவருடைய கவலை. எனக்கோ வேறொரு கவலை. தத்துகிற சக்கரத்துக்குக் கெட்டியான வில் மருந்தாகுமா, அன்றி நோயை முற்றச் செய்யுமா? அவரை உட்காரச் சொல்லிவிட்டுத் தையற்காரர் பயன்படுத்தும் அளவு நாடாவைத் தேடி எடுத்து வந்தேன். அதனால் அளந்து கண்டதைப் பின்னர்ச் சொல்வேன். அதற்குமுன் சில அடிப்படைகளைத் தெரிந்துகொள்ளவேண்டும்.

ஏறுபவரின் எடையைப் பற்றி மோட்டார் சைக்கிளில் மட்டும் ஏன் இத்துணைக் கவலை? சின்னசேலம் நிலையத்தில் வந்து நிற்கும் இரயில் பெட்டியைப் பாருங்கள். சென்னைப் பெரம்பூரில் 1955-இல் தொடங்கப்பெற்ற இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையின் வகையைச் சேர்ந்த தூங்கும் வசதிப் பெட்டி ஏறத்தாழ 40 டன் எடையுள்ளது. அதன் 72 படுக்கைகளும் நிறைந்தாலும் பயணிகளின் எடை நாலரை டன்னை எட்டாது. பெட்டியின் எடையில் ஒன்பதில் ஒரு பங்கு. ஓர் ஆள் ஏறினாலும் இறங்கினாலும் அதன் சுருள்விற்களுக்குத் தெரியவே தெரியாது. ஆயிரம் கிலோ எடையுள்ள காரில் அறுபது கிலோ மனிதர் ஏறினால் நூற்றுக்கு ஆறு பங்கு கூடுகிறது. ராயல் என்பீல்டு கிளாசிக் 350 என்னும் வண்டியின் எடை 195 கிலோ. கனமான வண்டி என்று பெயரெடுத்தது. அதிலே தொண்ணூறு கிலோ மனிதர் ஏறினால் வண்டியின் எடையில் ஏறத்தாழப் பாதி கூடிவிடுகிறது. பின்னால் இன்னொருவரும் அமர்ந்தால் சுமை வண்டியின் எடைக்கு அருகில் வந்துவிடும். நூறு கிலோவைச் சற்றே தாண்டிய சிறு வண்டிகளில் கேட்கவே வேண்டா. அங்கே குதிரையைவிடச் சவாரி செய்பவர் கனம்.

தொழிற்சாலையார் என்ன செய்வர்? வண்டியை வாங்கப்போவது ஐம்பது கிலோ மாணவரா, நூறு கிலோ மிராசுதாரா என்று அவர்கள் அறியார். ஆகவே நடுத்தரமான ஓர் எடையை மனத்திற் கொண்டு வில்லை அமைத்து, கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு வளையத்தையும் வைத்து அனுப்புகிறார்கள். அந்த வளையம் பின்சக்கரத்துச் சுருள்வில்லின் அடியிலோ முடியிலோ படிப்படியாக வெட்டப்பட்டு இருக்கும். ஐந்து படிகள் உள்ளவை உண்டு. ஆறு படிகள் உள்ளவையும் உண்டு. வண்டியோடு வரும் கருவிப் பையில் கொக்கி போல வளைந்த ஒரு சாவி கிடக்கும். அதனைக் கொண்டுதான் அவ்வளையத்தைத் திருப்பவேண்டும். அந்தச் சாவி எதற்கு என்று கேட்டால் பத்துப் பேரில் ஒன்பது பேர் விழிப்பதை நான் கண்டிருக்கிறேன்.

இனி, வில்லின் இயல்புக்கு வருவோம். இராபர்ட்டு ஹூக் என்ற ஆங்கில அறிஞர் 1676-இல் தாம் கண்டறிந்த ஓர் உண்மையை எழுத்துக்களைக் கலைத்துப் போட்ட ஒரு புதிராக அச்சிட்டார். பிறர் திருடிவிடுவார்களோ என்ற அச்சம். இரண்டாண்டு கழித்து, 1678-இல், தாமே அந்தப் புதிரை விடுவித்தார். வில் எவ்வளவு நீள்கிறதோ, அல்லது அமுங்குகிறதோ, அதற்கு நேர் விகிதத்தில் அதன் விசை இருக்கும் என்பதே செய்தி. பதினோராம் வகுப்பு மாணவர்கள் இதனை ஹூக் விதி என்று படிக்கிறார்கள். நானும் என் பணிக்காலம் முழுவதும் சுருள்வில்லைக் கொக்கியில் மாட்டி, ஐம்பது கிராம் எடைகளை ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டு, வரைதாளில் நேர்கோடு வரைய வைத்திருக்கிறேன். மாணவர்களும் மதிப்பெண் வாங்கினார்கள். பள்ளி வாயிலில் நின்ற என் வண்டிக்கும் அந்த நேர்கோட்டுக்கும் தொடர்புண்டு என்று ஒருநாளும் சொன்னேனில்லை. எனக்கே தோன்றியதில்லை என்பதை ஒளிப்பானேன்?

கணக்கு எளிதாகும்பொருட்டு ஒரு வண்டியைக் கற்பனை செய்துகொள்வோம். அதன் பின்சக்கரம் மேலும் கீழுமாக அசையக்கூடிய தூரம் 100 மில்லிமீட்டர். பின்புற வில் ஒரு மில்லிமீட்டர் அமுங்குவதற்கு 3 கிலோ எடை வேண்டும். வண்டியின் எடையில் பின்வில்லின்மேல் விழும் பங்கு 75 கிலோ. ஓட்டுபவருடைய எடை முழுவதும் பின்னால் விழுவதில்லை. ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு விழுகிறது. ஆகவே 55 கிலோ ஆசிரியரால் 40 கிலோ கூடுகிறது என்று கொள்வோம். மொத்தம் 115 கிலோ. மூன்றால் வகுத்தால் வில் 38 மில்லிமீட்டர் அமுங்கும்.

இங்கேதான் திருகு வளையம் வருகிறது. வில்லை வண்டியில் பூட்டும்போதே அதனைச் சிறிது நெரித்துத்தான் பூட்டுகிறார்கள். சுமை எதுவும் ஏறுவதற்கு முன்பே உள்ள இந்த நெரிவை முன்னழுத்தம் என்று சொல்லலாம். நம் கற்பனை வண்டியில் வளையத்தின் முதற்படியில் முன்னழுத்தம் 10 மில்லிமீட்டர் என்றும், படிக்கு 4 மில்லிமீட்டர் கூடி ஆறாம் படியில் 30 மில்லிமீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். முதற்படியில் 38-இல் 10 கழிய, வண்டி 28 மில்லிமீட்டர் தாழும். ஆறாம் படியில் 38-இல் 30 கழிய, 8 மில்லிமீட்டரே தாழும்.

வளையத்தைத் திருகினால் வில் கெட்டியாகிறது என்று பட்டறைகளிலும் சொல்லுகிறார்கள், ஓட்டுபவர்களும் நம்புகிறார்கள். அது பிழை. முதற்படியிலும் சரி, ஆறாம் படியிலும் சரி, அந்த வில்லை மேலும் ஒரு மில்லிமீட்டர் அமுக்க அதே 3 கிலோதான் வேண்டும். வில்லின் கெட்டித்தன்மை அதன் கம்பியின் பருமனிலும் சுருளின் அகலத்திலும் சுற்றுக்களின் எண்ணிக்கையிலும் இருக்கிறது, வளையத்தில் இல்லை. நெருக்கமும் அகலமுமாக மாறிமாறிச் சுற்றிய விற்கள் சில உண்டு. அவை அமுங்க அமுங்கக் கெட்டியாகும். அவற்றுக்குக் கணக்குச் சிறிது மாறும். மற்றவற்றில் வளையம் மாற்றுவது வண்டி நிற்கும் உயரத்தை மட்டுமே. சக்கரம் அசையக்கூடிய அந்த நூறு மில்லிமீட்டரில் எந்த இடத்தில் வண்டி வந்து அமர்கிறது என்பதே வளையத்தின் வேலை.

தாழ்வதில் என்ன நன்மை, உயரமாகவே நிற்கட்டுமே என்று நீங்கள் கேட்கலாம். மேட்டில் ஏறும்போது சக்கரம் மேலே எழவேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். பள்ளம் வந்தால் சக்கரம் கீழே இறங்கவேண்டும் என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். வண்டி தரையிலேயே ஓடவேண்டுமானால் சக்கரத்துக்குக் கீழ்நோக்கியும் இடம் இருக்கவேண்டும். தரையைத் தொடாத டயருக்கு உராய்வு இல்லை. உராய்வு இல்லாத சக்கரத்துக்குப் பிரேக்கும் இல்லை, திருப்பமும் இல்லை. ஆகவே ஓட்டுபவர் அமர்ந்தபின் மொத்த அசைவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, அதாவது நூற்றுக்கு 25 முதல் 33 வரை, வண்டி தாழ்ந்திருப்பது சாலை வண்டிகளுக்கு நல்லது என்று அனுபவத்தில் கண்டிருக்கிறார்கள். மேலே எழுவதற்கு இரண்டு பங்கு இடம், கீழே இறங்குவதற்கு ஒரு பங்கு.

ஆறாம் படியில் 55 கிலோ ஆசிரியரின் நிலையை இப்போது பாருங்கள். முன்னழுத்தம் 30 மில்லிமீட்டர் என்றால் வில்லில் முன்பே 90 கிலோ விசை அடைபட்டிருக்கிறது. வண்டியின் சொந்தப் பாரம் 75 கிலோ. அதனால் வில்லை அசைக்கவே இயலாது. அவர் ஏறியபின் 115. தொண்ணூறுக்கு மேல் 25 கிலோ மட்டுமே மிச்சம். இறக்கத்தில் முன்பிரேக்கைப் பிடித்தால் வண்டியின் பாரம் முன்சக்கரத்தை நோக்கிச் சாயும். அந்தச் சாய்வில் பின்புறத்திலிருந்து 25 கிலோ குறைந்த நொடியிலேயே வில் நீண்டு முடியும் எல்லைக்குப் போய் முட்டிக்கொள்ளும். அதன்பின் அது வில்வண்டி அன்று, பாரவண்டி. சரளைக் குழி வந்தால் சக்கரம் இறங்குவதற்கு இடமில்லை, அந்தரத்தில் நிற்கும். பின்பிரேக் அழுத்தியிருந்தால் அந்தரத்தில் நின்ற சக்கரம் சுழல்வதை நிறுத்திவிடும். மறுபடி தரையைத் தொடும்போது உருளாமல் வழுக்கும். தவளை போலத் தத்துகிறது என்று அவர் சொன்னது இதைத்தான். முதற்படியிலோ முன்னழுத்த விசை 30 கிலோதான். 85 கிலோ குறைந்தாலன்றி வில் எல்லையை முட்டாது.

இனி, அளந்த கதை. இந்த அளவைக்கு மூவர் வேண்டும். என் வீட்டுப் பக்கத்தில் இருந்த மேல்நிலை வகுப்பு மாணவர் இருவர் ஓடி வந்தார்கள். முதலில் டயர்களில் காற்று சரியான அளவில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டோம். டயரும் ஒரு வில்தான் அன்றோ! பிறகு வண்டியை நடுத்தாங்கியில் நிறுத்திப் பின்சக்கரம் தரையைத் தொடாதபடி செய்தோம். சக்கரத்தின் அச்சிலிருந்து நேர் மேலே இருக்கைச் சட்டத்தில் உள்ள ஓர் ஆணி வரை அளந்தோம். 560 மில்லிமீட்டர். வண்டியைத் தாங்கியிலிருந்து இறக்கி, ஒருவர் முன்னால் நிமிர்த்திப் பிடிக்க, வண்டி தன் எடையிலேயே நின்றபோது அளந்தோம். அப்போதும் 560. அந்த எண்ணைக் கண்டதுமே நோய் இன்னதென்று எனக்கு விளங்கிவிட்டது. அடுத்து அவரை, நாள்தோறும் போடும் தலைக்கவசத்தோடும் புத்தகப் பையோடும், காலை மிதியில் வைத்து அமரச் செய்து அளந்தோம். 552. எட்டே மில்லிமீட்டர் தாழ்வு. நம் கற்பனை வண்டியின் எண்களை நான் எங்கிருந்து எடுத்தேன் என்பது உங்களுக்கு இப்போது புரிந்திருக்கும்.

குனிந்து பார்த்தால், இருபுறத்து வளையங்களும் கடைசிப் படியில் இருந்தன. அவ்வியாபாரி தம் உடம்புக்கும் மூட்டைக்கும் பொருத்தமாக வைத்திருந்தது. அவரைக் குறை சொல்வதற்கு ஒன்றுமில்லை. கொக்கிச் சாவியை எடுத்து இருபுறமும் முதற்படிக்கு இறக்கினோம். மறுபடி அளந்தோம். வெற்று வண்டி 545, அவர் அமர்ந்தபோது 532. முறையே 15, 28 மில்லிமீட்டர் தாழ்வு. புது வில்லுக்கு எடுத்துவைத்த பணம் அவர் பையிலேயே இருந்தது.

அளக்கும்போது ஒரு நுட்பம். குழாய்களுக்குள் உள்ள உராய்வினால் வண்டி ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் வந்து நிற்காது. ஆகவே வண்டியைக் கையால் அமுக்கி மெல்ல விட்டு ஒருமுறையும், சற்றுத் தூக்கி மெல்ல விட்டு ஒருமுறையும் அளந்து, இரண்டின் சராசரியைக் கொள்ளவேண்டும். ஆய்வுக்கூடத்தில் செய்வதைப் போலத்தான். வளையத்தைத் திருப்பும்போது வண்டி நடுத்தாங்கியில் நிற்கவேண்டும், புகைக்குழாய் ஆறியிருக்கவேண்டும், இருபுறமும் ஒரே படியில் இருக்கவேண்டும். வில்லையே கழற்றும் வேலையில் மட்டும் எவரும் இறங்கவேண்டா. அடைபட்டிருக்கும் விசை எவ்வளவு என்று மேலே கணக்கிட்டோம். அது கை விரலைப் பதம் பார்த்துவிடும்.

மாணவர்களுள் ஒருவன் கூர்மையான கேள்வி ஒன்றைக் கேட்டான். "வெற்று வண்டியின் தாழ்வை ஏன் ஐயா அளந்தோம்? ஆள் ஏறியபின் உள்ள தாழ்வு மட்டும் தெரிந்தால் போதாதா?" போதாது. இரண்டு தாழ்வுகளின் வேறுபாட்டைப் பாருங்கள். 28-இல் 15 போக 13. இந்தப் பதின்மூன்று எங்கிருந்து வந்தது? ஏறியவரால் கூடிய 40 கிலோவை வில்லின் கெட்டித்தன்மையாகிய மூன்றால் வகுத்ததனால் வந்தது. வளையத்தை எந்தப் படியில் வைத்தாலும், வில் எல்லையில் முட்டாதிருக்கும் வரையில், இந்த வேறுபாடு மாறாது. அதாவது வில் ஓட்டுபவருக்கு ஏற்றதா என்பதை இந்த வேறுபாடு காட்டிக்கொடுத்துவிடும்.

120 கிலோ எடையுள்ள ஒருவர் இதே வண்டியில் ஏறுவதாகக் கொள்வோம். அவரால் பின்னால் கூடுவது 90 கிலோ. மொத்தம் 165, வில் 55 மில்லிமீட்டர் அமுங்கும். 30 மில்லிமீட்டர் தாழ்வில் அவர் அமரவேண்டுமானால் முன்னழுத்தம் 25 வேண்டும். வைத்துவிடலாம், ஆனால் வெற்று வண்டியின் தாழ்வு என்ன? 75-ஐ மூன்றால் வகுக்க 25. அதில் 25 கழியச் சுழி. அவர் அமர்ந்த தாழ்வு சரியாக இருந்தும் வெற்று வண்டி சிறிதும் தாழவில்லை என்றால், வில் அவருக்கு மென்மையானது. அந்தக் குறையை முன்னழுத்தத்தால் மூடி மறைத்திருக்கிறோம் என்று பொருள். அவருக்குத்தான் கெட்டியான வில் வேண்டும். எதிர்மாறாக, மிக மெலிந்த ஒருவருக்கு அமர்ந்த தாழ்வு சரியாக இருந்து, வெற்று வண்டியே மிகத் தாழ்ந்து நின்றால், வில் அவருக்கு மிகக் கெட்டி. முதல் தடவை கேட்கும்போது இது தலைகீழாகத் தோன்றும். ஒரு தாளில் எண்களைப் போட்டுப் பார்த்தால் தெளிந்துவிடும்.

இந்தச் செய்தியை நான் பின்னர்ப் பட்டறைக்காரர் ஒருவரிடம் சொன்னேன். ஐம்பது வயதானவர், கைத்திறன் மிக்கவர். "சார், டைட்டாக வைத்தால்தானே வண்டி கெட்டியாக நிற்கும்?" என்று வாதாடினார். அவர் வாதத்திலும் ஒரு பாதி உண்மை உண்டு. அவரிடம் வருகிறவர்களுள் பெரும்பாலோர் இருவராகவோ மூட்டையோடோ செல்பவர்கள். அவர்களுக்குக் கடைசிப் படியே பொருந்தும். நம் மெலிந்த ஆசிரியரே பின்னால் ஓர் ஆளை ஏற்றினால், பின்னால் அமர்பவரின் எடை ஏறத்தாழ முழுவதும் பின்வில்லின்மேல் விழுமாதலால், 65 கிலோ கூடி மொத்தம் 180 ஆகிவிடும். முதற்படியில் வண்டி 50 மில்லிமீட்டர் தாழ்ந்துவிடும். பாதி அசைவு நின்ற இடத்திலேயே தீர்ந்தது. பெரிய பள்ளத்தில் அடிமுட்டும். முகவிளக்கு வானத்தைப் பார்க்கும். நெடுஞ்சாலையில் எதிரே வருகிறவர் கண் கூசும். முன்சக்கரத்தில் பாரம் குறைந்து திருப்பம் தளரும். ஆறாம் படிக்கு ஏற்றினால் 30 மில்லிமீட்டர். ஆக, தனியே போகும்போது எந்தப் படி அவரைக் கீழே தள்ளியதோ, துணையோடு போகும்போது அதே படிதான் அவருக்கு வேண்டும். இருபுறமும் நாற்பது லிட்டர் கேன்களில் பால் கொண்டுபோகிறவருக்கு இது இன்னும் கூர்மையான சிக்கல். விடியற்காலையில் 80 கிலோவுக்கு மேல் பாலோடு போகிறார், திரும்பும்போது வெறுங்கேன்.

வில்லைப் பற்றி மட்டுமே பேசிவிட்டேன். அதனுள் இருக்கும் எண்ணெய்க் குழாயையும் சொல்லவேண்டும். நாம் அதனை ஷாக் அப்சார்பர், அதாவது அதிர்ச்சியை உறிஞ்சுவது, என்கிறோம். பெயர் பொருத்தமில்லை. அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது வில். வாங்கியதை வில் வைத்துக்கொள்ளாது, திருப்பித் தந்துவிடும். அப்படித் திருப்பித் தருவதால் உண்டாகும் அலைவை அடக்குவதே குழாயின் வேலை. அதனுள் ஓர் ஆடுதண்டு எண்ணெயில் மூழ்கி மேலும் கீழும் அசையும். அதன் சிறு துளைகளின் வழியே எண்ணெய் பிதுங்கிப் போகவேண்டியிருப்பதனால் அசைவு தடைப்படும். அசைவின் ஆற்றல் வெப்பமாக மாறும். நெடுந்தூரம் கரடுமுரடான பாதையில் ஓடியபின் அக்குழாயைத் தொட்டுப் பார்த்தால் சுடும். உங்கள் பாடநூலில் தடையுறு அலைவு என்று படிப்பது இதுவே.

நம் கற்பனை வண்டியில் ஆசிரியர் தனியே அமர்ந்திருக்கும்போது வில்லின் மொத்த அமுக்கம் 38 மில்லிமீட்டர். இத்தகைய அலைவின் காலம், அந்த அமுக்கத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, இரண்டு பையால் பெருக்கினால் வரும், ஏறத்தாழ 0.39 நொடி. துணையோடு போகும்போது அமுக்கம் 60 மில்லிமீட்டர். காலம் ஏறத்தாழ அரை நொடி. எடை கூடினால் வண்டி மெதுவாக ஆடும். அதனால்தான் தனியே ஓட்டும்போது வெடுக்கென்று உதறும் வண்டி துணையோடு மெத்தென்று போகிறது.

நம் நாட்டுச் சாலை வண்டிகளுள் பெரும்பாலானவற்றில் எண்ணெய்த் தடையைக் கூட்டிக் குறைக்க வசதி இல்லை. அது நல்ல நிலையில் இருக்கிறதா என்று பார்ப்பது எளிது. இருக்கையை அழுத்தி விடுங்கள். வண்டி எழுந்து ஒரு தடவையில் அமைதியானால் நல்லது. இரண்டு மூன்று தடவை ஆடினால் எண்ணெய் கசிந்து போயிற்று. குழாயில் ஈரமும் புழுதியும் அப்பியிருக்கும். அதற்கு வளையத்தைத் திருகுவது பரிகாரம் ஆகாது. முன்புறத்து ஃபோர்க்குகளில் பெரும்பாலும் திருகு வளையமே இராது. குறித்த காலத்தில் எண்ணெயை மாற்றிவந்தால் போதும். அதற்குமேல் தேர்ந்த கைகளிடம் விட்டுவிடுங்கள்.

பின்சக்கரத்துக்கு வில் வைப்பதே ஒரு காலத்தில் ஐயத்துக்குரியதாக இருந்தது என்றால் நம்புவீர்களா? பழைய மோட்டார் சைக்கிள்களில் பின்சக்கரம் சட்டத்தோடு இறுகப் பிணைந்திருக்கும். இருக்கைக்கு அடியில் மட்டும் இரண்டு சுருள்விற்கள். வில் வைத்தால் சக்கரம் தரையைப் பற்றாது என்று கரடுமுரடான பாதைப் பந்தயக்காரர் பலர் எண்ணினர். 1948-இல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்பீல்டு தொழிற்சாலையார், பின்சக்கரத்தை ஊசலாடும் ஒரு கையில் பொருத்தி, எண்ணெய்க் குழாயோடு கூடிய விற்களை இருபுறமும் வைத்துப் புல்லட் வண்டியைப் பந்தயத்துக்கு அனுப்பினர். அவ்வாண்டு இத்தாலியில் நடைபெற்ற பன்னாட்டு ஆறு நாள் போட்டியில் அவ்வண்டிகள் தங்கப் பதக்கம் பெற்றன. நமது இராணுவம் விரும்பி வாங்கியதும் அந்த வகை வண்டியைத்தான். அதன் விளைவாக 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து என்பீல்டு இந்தியா உருவாயிற்று. சென்னையை அடுத்த திருவொற்றியூரில் புல்லட் பிறக்கத் தொடங்கிற்று. தாய்த் தொழிற்சாலை இங்கிலாந்தில் மூடப்பட்ட பின்னும் சேய் இங்கே வாழ்ந்து வளர்ந்தது தனிக்கதை. மலைப்பாதைக்கென்றே 2016-இல் அந்நிறுவனம் கொண்டுவந்த ஹிமாலயன் வண்டியில் முன்சக்கரம் 200 மில்லிமீட்டரும் பின்சக்கரம் 180 மில்லிமீட்டரும் அசையும். அத்தகைய வண்டியில் மூன்றில் ஒரு பங்கு தாழ்வு என்பது 60 மில்லிமீட்டர் ஆகும். நம் கணக்கிலுள்ள முப்பதை அப்படியே அதற்குச் சார்த்திவிடக் கூடாது. உங்கள் வண்டியின் அசைவு எவ்வளவு என்று அதன் கையேட்டில் பார்த்து, அதற்குரிய பங்கைக் கொள்ளுங்கள்.

அந்த ஆசிரியர் இன்றும் மலைக்குப் போய் வருகிறார். இடையில் திருமணம் ஆயிற்று. சனிக்கிழமை மாலைகளில் மனைவியோடு கச்சிராயபாளையத்துக்கு இறங்கி வருவார். கொக்கிச் சாவியைக் கருவிப் பையிலிருந்து எடுத்துத் தம் புத்தகப் பையிலேயே போட்டு வைத்திருக்கிறார். வண்டியின் பக்க மூடியின் உட்புறத்தில் சுண்ணக்கட்டியால் "தனியே 1, இருவர் 6" என்று எழுதியிருந்ததைச் சென்ற மாதம் பார்த்தேன். மழையில் அழிந்துபோகுமே என்றேன். அடுத்த தடவை வந்தபோது வண்ணத்தால் எழுதியிருந்தார்.